ஐ-பில் போட்ட மாதம் பீரியட்ஸ் தேதி ஏன் மாறுகிறது?

"மாத்திரை போட்ட ஆறாவது நாளே ரத்தம் வந்துடுச்சு, தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கே" என்பார் ஒருவர். "தேதி தாண்டி நாலு நாளாச்சு, இன்னும் காணோம்" என்பார் இன்னொருவர். இருவரும் விழுங்கியது அதே மாத்திரை, அதே அளவு. சுழற்சியின் எந்த நாளில் விழுங்கினார்கள் என்பதுதான் வேறு. அந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டால், அவசர கருத்தடை மாத்திரைக்குப் பிறகு பீரியட்ஸ் நடந்துகொள்ளும் விதத்தில் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

முதலில் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் ஐ-பில், அன்வான்டட் 72 போன்ற பெயர்களில் விற்பதிலும், அரசு இலவசமாகத் தரும் ஈசி பில்லிலும் இருப்பது ஒரே மருந்து: லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மி.கி. இலங்கையில் போஸ்டினர் என்று வாங்குவதும் இதுதான். தினமும் போடும் மாலா-டி, மாலா-என் மாத்திரைகளிலும் இதே மருந்து இருக்கிறது, ஆனால் ஒரு மாத்திரைக்கு 0.15 மி.கி.தான். அதாவது பத்து நாளுக்கு உடம்பு வாங்க வேண்டிய ஹார்மோன் ஒரே வாயில் உள்ளே போகிறது. போனது சில நாட்களில் வடிந்தும் விடுகிறது. இந்தத் திடீர் ஏற்றமும் இறக்கமும்தான் சுழற்சியை அசைக்கின்றன.

மருந்து செய்வது ஒரே வேலை. கருமுட்டை வெளியே வருவதற்கு ஏறக்குறைய 36 மணி நேரம் முன்பு, மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அள்ளிக் கொட்டும். அந்த எழுச்சி தொடங்குவதற்கு முன்பு மாத்திரை உள்ளே போய்விட்டால், எழுச்சி தடைபடும் அல்லது தள்ளிப்போகும். முட்டை அந்த வாரம் வெளியே வராது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் அதிகபட்சம் ஐந்து நாள்தான் உயிரோடு இருக்கும் என்பதால், அத்தனை நாள் முட்டையை நிறுத்தி வைத்தாலே போதும். எழுச்சி தொடங்கிய பிறகு போட்டால் மருந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. 72 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மூன்றாம் நாள் வரை நேரம் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. நாம் காத்திருக்கும் நேரத்தில் முட்டை கிளம்பிவிடலாம். ஏற்கெனவே ஒட்டிய கருவை இந்த மாத்திரை கலைக்காது, கெடுக்கவும் செய்யாது.

இனி நாள் கணக்கு. ரத்தம் நன்றாக வரத் தொடங்கும் நாள் சுழற்சியின் முதல் நாள். முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த பீரியட்ஸ் வரை உள்ள இடைவெளி பெரும்பாலானவர்களுக்கு 14 நாளை ஒட்டியே இருக்கும், ஓரிரு நாள் கூடக் குறைய. ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். 28 நாள் சுழற்சி என்றால் முட்டை ஏறக்குறைய 14-ஆம் நாள் வரும். 35 நாள் சுழற்சி என்றால் 21-ஆம் நாள். "நடுமாதம்தானே" என்று எல்லோருக்கும் 14 என்று போடுவது தப்பு. 35 நாள்காரருக்கு 14-ஆம் நாள் என்பது முட்டைக்கு ஒரு வாரம் முன்பு.

28 நாள் சுழற்சியை வைத்தே மூன்று நிலைமைகளைப் பார்க்கலாம்.

எட்டாம் நாள் மாத்திரை போட்டால், அப்போது கருப்பையின் உட்சுவர் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் பலத்தில் மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு பெரிய அளவு புரோஜெஸ்டின் (லெவோநார்ஜெஸ்ட்ரல் இந்த வகை ஹார்மோன்தான்) வந்து, சில நாட்களில் இறங்கிப்போகிறது. அந்த இறக்கத்தைத் தாங்காமல் உட்சுவர் உதிர ஆரம்பிக்கும். மாத்திரை போட்டு ஏறக்குறைய ஒரு வாரத்தில், அதாவது 15-ஆம் நாள் வாக்கில், ரத்தம் வரலாம். சிலருக்கு வெறும் கறை, சிலருக்கு முழு பீரியட்ஸ் போலவே மூன்று நாலு நாள். சுழற்சியின் முதல் மூன்று வாரத்தில் மாத்திரை போட்டவர்களுக்குச் சராசரியாக அந்தச் சுழற்சி சுருங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் போட்டார்களோ அவ்வளவு அதிகமாகச் சுருங்குகிறது என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். ஒரே மாதத்தில் இரண்டு தடவை பீரியட்ஸ் வந்துவிட்டது என்று பயந்து ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை.

பன்னிரண்டாம் நாள் வாக்கில், எல்.எச். எழுவதற்குச் சற்று முன்பு போட்டால் கதை வேறு. முட்டை கிளம்பத் தயாராக நிற்கும் நேரம் அது. மாத்திரை அதை நிறுத்தும். சிலருக்கு அந்தச் சுழற்சியில் முட்டை வராமலே போகும், ரத்தம் சற்று முன்பின்னாக வரும். சிலருக்கு ஐந்தாறு நாள் கழித்து முட்டை வரும். 14-ஆம் நாள் வர வேண்டியது 19-ஆம் நாள் வந்தால், அதிலிருந்து 14 நாள் கூட்டினால் 33. பீரியட்ஸ் ஐந்து நாள் தாமதம். கர்ப்பம் இல்லாமலே, எந்தக் கோளாறும் இல்லாமலே வரும் தாமதம் இது. மாத்திரை தன் வேலையைச் சரியாகச் செய்ததற்கான தடயம் என்றுகூடச் சொல்லலாம்.

இருபதாம் நாள் போட்டால் முட்டை ஏற்கெனவே வந்து போயிருக்கும். மாத்திரைக்கு நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை, அதனால் தேதியும் அவ்வளவாக நகராது. இடையில் கொஞ்சம் கறை படலாம், வரும் பீரியட்ஸ் கூடுதலாகவோ இன்னும் ஒரு நாள் நீண்டோ இருக்கலாம். உறவும் 20-ஆம் நாள்தான் என்றால் கருத்தரிக்கும் வாய்ப்பே குறைவு, ஏனென்றால் வெளிவந்த முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. சிக்கலான இடம் 13, 14-ஆம் நாள் உறவு கொண்டு அடுத்த நாள் மாத்திரை போடுவது. எல்.எச். எழுந்துவிட்ட பிறகு போட்ட மாத்திரை அது. மாத்திரை போட்டும் கர்ப்பமானேன் என்பவர்களில் பலர் இந்த இடைவெளியில் மாட்டியவர்கள்தான். இவர்களுக்கு மாத்திரையால் தேதி தள்ளிப்போகக் காரணம் இல்லை. தள்ளிப்போனால் உடனே பரிசோதிக்க வேண்டும்.

எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு பீரியட்ஸ் எதிர்பார்த்த தேதிக்கு ஒரு வாரம் முன்பின்னுக்குள் வந்துவிடுகிறது. 1.5 மி.கி. ஒற்றை மாத்திரைக்கான மருந்து ஆவணத்தில் உள்ள எண்கள் இவை: வழக்கத்தைவிட அதிக ரத்தப்போக்கு 31 சதவீதம் பேருக்கு, குமட்டல் 14 சதவீதம் பேருக்கு, ஏழு நாளுக்கு மேல் தாமதம் 4.5 சதவீதம் பேருக்கு. கடைசி எண் முக்கியம். ஏழு நாளுக்கு மேல் தாமதம் என்பது நூற்றில் நாலைந்து பேருக்குத்தான் மருந்தால் நடக்கிறது. அதனால்தான் ஏழு நாள் என்பதை எல்லையாக வைக்கிறார்கள்.

அதிக ரத்தப்போக்கு என்றால் எவ்வளவு? வழக்கமாக நாளைக்கு மூன்று நாப்கின் மாற்றுபவர் ஐந்து மாற்றுவது சமாளிக்கக்கூடியது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால், அல்லது எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தால், வீட்டில் படுத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தசோகை உள்ளவர்கள் அந்த அளவுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். வயிற்றுவலிக்கு வழக்கமாகப் போடும் மெஃபெனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் போன்றவற்றைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம், அல்சரோ சிறுநீரகக் கோளாறோ அந்த மாத்திரைகளுக்கு ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் கூடாது. வலி மாத்திரை கருத்தடையைக் கெடுத்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை.

இப்போது பலரும் தவறவிடும் விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரைக்குப் பிறகு வரும் ரத்தம் கர்ப்பம் இல்லை என்பதற்குச் சான்று கிடையாது. கறை படுவது மருந்தால் வரலாம். கரு ஒட்டும் நேரத்திலும் சிலருக்கு லேசாகக் கறை படும். கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிய கர்ப்பத்திலும் ரத்தக்கசிவு வரும். வந்தது வழக்கமான அளவில், வழக்கமான நாட்கள், வழக்கமான வலியோடு, எதிர்பார்த்த தேதியை ஒட்டி வந்திருந்தால் நிம்மதி கொள்ளலாம். வழக்கத்தைவிடக் குறைவு, ஒன்றரை நாளில் நின்றுவிட்டது, பழுப்பாக மட்டும் வந்தது என்றால் அதை பீரியட்ஸ் என்று நாட்காட்டியில் குறிக்காதீர்கள். தனியாகக் குறித்து வைத்து, பரிசோதனை செய்யுங்கள்.

பரிசோதனை எப்போது? உறவு நடந்த நாளிலிருந்து 21 நாள் கழித்து. தேதி எவ்வளவு குழம்பியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் இது பீரியட்ஸை நம்பி இல்லை. கரு ஒட்டிய பிறகே எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் சுரக்கும், அது சிறுநீரில் தெரியும் அளவுக்கு ஏற நாளாகும். பத்தாம் நாள் பரிசோதித்து ஒரு கோடு மட்டும் வந்தால் அதற்கு மதிப்பில்லை. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், அட்டையில் சொன்ன அளவு துளிகள், சொன்ன நிமிடத்துக்குள் பார்ப்பது, இவ்வளவுதான். அரை மணி கழித்துப் பார்த்தால் காய்ந்து தெரியும் மங்கல் கோட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. மாத்திரையில் இருக்கும் லெவோநார்ஜெஸ்ட்ரல் இந்தப் பரிசோதனையைப் பாதிக்காது. எதிர்பார்த்த தேதி தாண்டி ஏழு நாள் ஆகியும் பீரியட்ஸ் வரவில்லை என்றாலும் பரிசோதனை கட்டாயம்.

அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கடுமையான வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், இவற்றோடு ரத்தக்கசிவும் இருந்தால் குழாய்க் கர்ப்பமா என்று பார்க்க ஸ்கேன் வேண்டும். மாத்திரை அந்த ஆபத்தைக் கூட்டுவதில்லை. ஆனால் மாத்திரை தவறிக் கர்ப்பமாகியிருந்தால், அது எங்கே தங்கியிருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

இன்னொரு பொறி, அதே சுழற்சியில் மறுபடி உறவு. மாத்திரை முட்டையை அழிக்கவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறது. மேலே சொன்ன 12-ஆம் நாள் உதாரணத்தில் முட்டை 19-ஆம் நாள் வரப்போகிறது. அந்தப் பெண் நாட்காட்டியைப் பார்த்து "பதினெட்டாம் நாள் ஆச்சு, இனிப் பயமில்லை" என்று நினைத்தால், சரியாக ஆபத்தான நாளில் போய் நிற்கிறார். மாத்திரை போட்ட மாதத்தில் பாதுகாப்பான நாள் என்ற கணக்கே செல்லாது. செல்போனில் இருக்கும் பீரியட்ஸ் செயலிக்கும் இது தெரியாது, அது பழைய சராசரியை வைத்துப் பச்சை நாள் காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த உண்மையான பீரியட்ஸ் வரும்வரை, அல்லது தொடர் கருத்தடை ஒன்று பலன் தரத் தொடங்கும்வரை, ஆணுறை இல்லாமல் வேண்டாம்.

பீரியட்ஸ் தள்ளிப்போனதும் மருந்துக்கடையில் "வர வைக்கிற மாத்திரை" கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. கடைக்காரர் கொடுப்பது பெரும்பாலும் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் அல்லது நார்எத்திஸ்டிரோன். கோயில் திருவிழா, கல்யாணம் என்று பீரியட்ஸைத் தள்ளிப்போட வாங்குகிறோமே, அந்த நார்எத்திஸ்டிரோன்தான். இவற்றை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் ரத்தம் வரும், அது சரி. ஆனால் ஐ-பில்லால் ஏற்கெனவே கலைந்த சுழற்சியில் இன்னொரு ஹார்மோனைக் கொண்டுபோய் ஊற்றினால், எது எதனால் வந்தது என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கர்ப்பமாக இருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்கவும் செய்யாது, கண்டுபிடிப்பதைத்தான் தாமதப்படுத்தும். பரிசோதனை செய்யாமல் இதைத் தொடாதீர்கள். பீரியட்ஸை வர வைக்கும் என்று பப்பாளி, எள்ளு, கருஞ்சீரகக் கஷாயத்தையும் நம்ப வேண்டாம்.

இதைவிட ஆபத்தான குழப்பம், மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் சேர்ந்த கருக்கலைப்பு மாத்திரைப் பெட்டியையும் ஐ-பில்லையும் ஒன்று என்று நினைப்பது. சில பிராண்டுகளின் பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் கடையிலேயே மாறிப்போகிறது. இரண்டும் முற்றிலும் வேறு மருந்துகள். கருக்கலைப்பு மாத்திரையை இந்தியாவில் ஒன்பது வாரக் கர்ப்பம் வரை, மருத்துவர் பார்த்து எழுதித்தான் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் ரத்தப்போக்கு வாரக்கணக்கில் நீடிக்கலாம், அதை இந்தக் கட்டுரையில் உள்ள எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. 1971-ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்ட பிறகு, கருத்தடை தவறியது என்பதைக் காரணமாகச் சொல்லிக் கல்யாணம் ஆகாத பெண்ணும் சட்டப்படி மருத்துவமனையை அணுகலாம். ஒளிந்து மாத்திரை வாங்கித் தின்ன வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

மாத்திரை வேலை செய்யாமல் போவதற்கான சில காரணங்களைத் தெரிந்துகொண்டால், தள்ளிப்போன தேதியை எவ்வளவு சந்தேகத்தோடு பார்ப்பது என்று முடிவெடுக்க முடியும். விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை உடனே போட வேண்டும் (மூன்று மணி நேரம் என்று சொல்லும் வழிகாட்டுதல்களும் உண்டு). காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்கள், வலிப்புக்கு கார்பமசெபின் அல்லது ஃபெனிட்டாயின் எடுப்பவர்கள், எச்.ஐ.வி.க்கு எஃபாவிரென்ஸ் எடுப்பவர்கள், இவர்களின் ஈரல் லெவோநார்ஜெஸ்ட்ரலை வேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும். இந்த மருந்துகளை நிறுத்திய பிறகும் நாலு வாரம் வரை இந்தப் பாதிப்பு இருக்கும். நம் ஊரில் காசநோய் எவ்வளவு சாதாரணம் என்று பார்த்தால், மாத்திரை கொடுக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. யாரும் கேட்பதில்லை. உடல் எடை 70 கிலோவுக்கு மேல் போனாலும் மாத்திரையின் பலன் குறையலாம் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. இவர்களுக்கெல்லாம் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி நல்ல வழி. உறவு நடந்து ஐந்து நாளுக்குள் போட்டுவிட்டால் 99 சதவீதத்துக்கு மேல் பலன், அரசு மருத்துவமனையில் இலவசம். காப்பர் டியில் ஹார்மோன் இல்லாததால் பீரியட்ஸ் தேதி மாறாது. ஆனால் முதல் மூன்று முதல் ஆறு மாதம் ரத்தமும் வலியும் கூடுதலாக இருக்கும், அதைச் சொல்லியே போட வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு யூலிப்ரிஸ்டால் அசிடேட் 30 மி.கி. மாத்திரையும் கிடைக்கும், எல்லாஒன் என்பது அதன் ஒரு பெயர். ஐந்து நாள் வரை பலன் தரும், எல்.எச். ஏறத் தொடங்கிய பிறகும் உச்சம் தொடும் முன்பு முட்டையை நிறுத்தும். அதனாலேயே பீரியட்ஸை இது அதிகம் தள்ளும்: ஏழு நாளுக்கு மேல் தாமதம் 18.5 சதவீதம் பேருக்கு, 20 நாளுக்கு மேல் 4 சதவீதம் பேருக்கு. தாய்ப்பால் கொடுப்பவர்கள் இதைப் போட்டால் ஒரு வாரம் பாலைக் கறந்து கொட்டச் சொல்கிறது எல்லாஒன் மருந்து ஆவணம். லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

அடிக்கடி போட்டால் கருப்பை கெட்டுவிடும், பிள்ளை பிறக்காது என்பது உண்மையில்லை. அவசரம் என்றால் ஒரே சுழற்சியில் இரண்டாவது தடவை போடுவதற்கும் தடையில்லை. ஆனால் மாதாமாதம் இதையே கருத்தடையாக வைத்துக்கொண்டால் இடையிடையே கறை, முன்னே பின்னே வரும் பீரியட்ஸ் என்று முதல் நாள் எது என்றே தெரியாத நிலை வரும். தினசரி மாத்திரையைவிடப் பலனும் குறைவு. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு முன்னமே தேதி ஒழுங்கில்லை என்பதால் மேலே சொன்ன நாள் கணக்கு எதுவும் பொருந்தாது. அவர்கள் 21 நாள் பரிசோதனையை மட்டும் நம்பட்டும். ஒரே ஒரு தடவை மாத்திரை போட்டவருக்குப் பெரும்பாலும் அடுத்த சுழற்சியே சீராகிவிடும். மூன்று மாதம் ஆகியும் ஒழுங்குக்கு வரவில்லை என்றால் பழியை மாத்திரை மேல் போடாமல் தைராய்டு, பி.சி.ஓ.எஸ். என்று வேறு காரணம் தேட வேண்டும்.

சட்டப்படி இந்த மாத்திரைக்கு மருந்துச் சீட்டு தேவையில்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பல கடைகளில் "ஸ்டாக் இல்லை" என்பார்கள், அல்லது சீட்டு கேட்பார்கள், அதோடு ஒரு பார்வையும் இலவசம். நாலு கடை ஏறி இறங்கும் அந்த ஒரு நாளில்தான் எல்.எச். எழுந்துவிடுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனைக் குடும்பநலப் பிரிவிலோ கேட்டுப் பாருங்கள்.

மாத்திரைக்குப் பிறகு தொடர் கருத்தடைக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாலா-என் என்றால் பீரியட்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஐ-பில் போட்ட மறுநாளே தொடங்கலாம், முதல் ஏழு நாள் ஆணுறையும் சேர்த்து. ஆனால் அந்த மாதம் பழைய தேதியில் பீரியட்ஸ் வராது. 21 ஹார்மோன் மாத்திரை முடிந்து இரும்புச்சத்து மாத்திரைக்கு வந்த பிறகே வரும். வராவிட்டாலும், வந்தது குறைவாக இருந்தாலும், பரிசோதனை. சாயா எனும் வார மாத்திரையைப் பீரியட்ஸின் முதல் நாள் தொடங்க வேண்டும், முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஐ-பில் போட்ட ஆறாம் நாள் வந்த கறையை முதல் நாள் என்று எண்ணி இதைத் தொடங்கிவிடாதீர்கள். சாயாவும் சிலருக்குப் பீரியட்ஸைத் தள்ளும், இரண்டு தள்ளலும் சேர்ந்தால் கர்ப்பமா இல்லையா என்று ஊகிக்கவே முடியாது. பரிசோதனையில் இல்லை என்று உறுதியான பிறகு, முழு அளவில் வரும் அடுத்த பீரியட்ஸின் முதல் நாளில் தொடங்குங்கள்.